தோட்டத்து ருபார்பும் அதன் தண்ணீரும்

கேள்வி இது: மூன்று வருடங்களுக்கு முன் நட்ட ருபார்ப் செடி (இதன் புளிப்பான இலைக்காம்பை, அதாவது தண்டை, இனிப்புப் பண்டங்களில் போடுவார்கள்) இந்த வசந்தத்தில் கொத்துக் கொத்தாகத் தண்டு விட்டிருக்கிறது. பை (pie, மாவுக்கு நடுவில் பழம் வைத்துச் சுடும் பண்டம்) செய்தால் அடிமாவு சொதசொதவென்று ஆகிறது, கேக்கில் போட்டால் துண்டுகள் அடியில் போய்ப் படுத்துக்கொள்கின்றன, அடுப்பில் வைத்தால் திரும்பிப் பார்ப்பதற்குள் கூழாகிவிடுகிறது. அந்தக் கூழும் படங்களில் பார்க்கிற இளஞ்சிவப்பாக இல்லை. சர்க்கரையை வாரிக் கொட்டாமல் இதைச் சமைக்க வழி உண்டா, இலையையும் சமைக்கலாமா?

நிறம், சர்க்கரை, இலை மூன்றையும் ஒதுக்கிவிட்டால் மீதிப் புகார்களுக்கெல்லாம் காரணம் ஒன்றுதான், தண்ணீர். கையில் பிடித்தால் விறைப்பாக, ஒடித்தால் டப்பென்று முறிகிற இந்தத் தண்டில் 100 கிராமுக்கு சுமார் 94 கிராம் தண்ணீர்தான். விறைப்பே அந்தத் தண்ணீர் கொடுப்பதுதான். சூடு பட்டதும் திசுக்கள் தளர்ந்து, உள்ளே இருந்த அத்தனையும் வெளியே வந்துவிடும். ஆப்பிளுக்கு எழுதிய செய்முறையில் ஆப்பிளை எடுத்துவிட்டு அதே எடைக்கு ருபார்பைப் போட்டால் ஏன் ஏமாற்றுகிறது என்பது இதில் புரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பண்டத்திலும் முதலில் கேட்க வேண்டியது: இந்தத் தண்ணீர் எங்கே போகப் போகிறது? அடுப்புக்கு முன்பே வடித்துவிடப் போகிறீர்களா, மாவு குடிக்கப் போகிறதா, சோளமாவு கட்டிப்போடப் போகிறதா, அல்லது பாகாகச் சுண்டப் போகிறதா?

இலையை முதலில் முடித்துவிடுகிறேன். சாப்பிடக் கூடாது. அளவு மீறினால் நஞ்சாகிற ஆக்ஸாலிக் அமிலம் தண்டைவிட இலையில் பல மடங்கு அதிகம், வேகவைத்தால் அது அழிந்துபோவதும் இல்லை. முதல் உலகப் போரின் உணவுத் தட்டுப்பாட்டில் பிரிட்டனில் இதைக் கீரையாகச் சமைக்கலாம் என்று ஆலோசனை சொல்லப்பட்டு, அதை நம்பிச் சாப்பிட்டவர்கள் நஞ்சுண்டு போனார்கள். பறித்த கையோடு இலையை வெட்டி எருக்குழியில் போடுங்கள், அங்கே அது மக்கி ஒன்றுமில்லாமல் போய்விடும். உடனே வெட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. இலை ஒட்டிக்கொண்டிருக்கும் வரை தண்டின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மாலைக்குள் தண்டு துவண்டுவிடும். தண்டிலும் ஆக்ஸாலிக் அமிலம் கொஞ்சம் உண்டு. சாப்பிட்ட பிறகு பல்லில் மெல்லிய மாவு படிந்த மாதிரி ஓர் உணர்வு வருவது அதனால்தான். கால்சியம் ஆக்ஸலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் தண்டையும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சித்த மருத்துவத்தில் ரேவல்சின்னி என்று வருவது இதே இனத்தைச் சேர்ந்த வேறு செடிகளின் வேர். பேதிக்குக் கொடுக்கிற சரக்கு அது. பெயரைத் தேடிப் போகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். நாம் சமைப்பது இலைக்காம்பை மட்டும்தான்.

பறிப்பதைப் பற்றிச் சுருக்கமாக. கத்தியால் வெட்டாதீர்கள், அடிக்கட்டை அழுகலுக்கு இடம் கொடுக்கும். தண்டை அடியில் பிடித்து லேசாகத் திருகி இழுத்தால் உறையோடு கழன்று வரும். நட்ட முதல் வருடம் தொடக் கூடாது, இரண்டாம் வருடம் இரண்டொன்று எடுக்கலாம். உங்களுடையது மூன்று வயதுச் செடி என்பதால் தாராளமாக எடுக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் பாதிக்கு மேல் வேண்டாம். நடுவிலிருந்து கனத்த பூந்தண்டு கிளம்பினால் அடியோடு நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் செடியின் வலுவெல்லாம் விதைக்குப் போய்விடும். கோடையின் நடுவோடு பறிப்பதை நிறுத்துவது வழக்கம். அதற்குப் பிறகு தண்டு நஞ்சாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தண்டு முற்றி நாராகிவிடும், செடிக்கும் அடுத்த வருடத்துக்கு வேரில் சேமித்துக்கொள்ள அவகாசம் வேண்டும், காரணம் அவ்வளவுதான். நிஜமாகவே கவனிக்க வேண்டியது உறைபனி. கடும் பனி அடித்து இலை கருகி, தண்டும் தொளதொளத்துக் கிடந்தால் அந்தத் தண்டுகளைச் சமைக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். இலையின் அமிலம் தண்டுக்கு இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு. அதன் பிறகு வருகிற புதுத் தண்டு பயமில்லாமல் சாப்பிடக் கூடியது.

இனி நிறம். உங்கள் சமையலில் குற்றமே இல்லாமல் இருக்கலாம். படங்களில் பார்க்கிற ரோஜா நிறத் தண்டுகள் பெரும்பாலும் இருட்டில் வளர்த்தவை. 1817ல் லண்டன் செல்சி மருந்துச் செடித் தோட்டத்தில் யாரோ வெட்டிப்போட்ட மண்ணுக்கு அடியில் சிக்கிய ருபார்ப், வெளிச்சமே படாமல் மென்மையாகவும் வெளுத்த இலையோடும் முளைத்ததைப் பார்த்துத்தான் இந்த முறை பிடிபட்டது என்பார்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வேக்ஃபீல்டு, மார்லி, ராத்வெல் ஊர்களுக்கு இடைப்பட்ட முக்கோணத்தில் இன்றைக்கும் குளிர்காலத்தில் இருட்டுக் கொட்டகைகளில் வளர்த்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பறிக்கிறார்கள். 2010ல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் பாதுகாக்கப்பட்ட பெயர் (அந்த வட்டாரத்தில் விளைந்ததற்கு மட்டுமே உரிய பெயர்) கொடுத்தது. தோட்டத்தில் திறந்த வெயிலில் வளர்ந்த தண்டுக்கு அந்த நிறம் வராது. வீட்டுத் தோட்டங்களில் அதிகம் காணப்படும் ‘விக்டோரியா’ 1837ல் வந்த பழைய ரகம். அடியில் சிவந்து மேலே பச்சையாகத்தான் இருக்கும். அதனால் சுவை ஒன்றும் குறைவதில்லை. தண்டின் சிவப்பு அதன் இனிப்புக்கு அத்தாட்சி என்று நினைப்பது தவறு, பச்சைத் தண்டிலும் அருமையான மணம் உண்டு.

ஆனாலும் இருக்கிற சிவப்பைக் காப்பாற்றலாம். அது தோலில்தான் இருக்கிறது, ஆகவே தோலைச் சீவாதீர்கள். முற்றிய தண்டாக இருந்தால் நுனியில் கத்தியைக் கொடுத்து எளிதாக உரிகிற நாரை மட்டும் இழுத்துவிட்டால் போதும். அலுமினியம், பூச்சில்லாத வார்ப்பிரும்பு இரண்டையும் தவிர்த்து ஸ்டீல், கண்ணாடி, எனாமல் பாத்திரங்களில் சமையுங்கள். கறை பிடித்த அலுமினியப் பாத்திரத்தில் ருபார்பைக் கொதிக்கவைத்தால் பாத்திரம் பளிச்சென்று ஆகிவிடும். அந்தப் பளபளப்புக்காகப் போன உலோகம் எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள். பேக்கிங் சோடாவும் நிறத்துக்கு எதிரி. இந்தச் சிவப்பு அமிலத்தில் சிவப்பாக நிற்கும், சோடா போன்ற காரத்தன்மை உள்ள பொருள் பட்டால் நீலமும் சாம்பலுமாகத் திரும்பும். புளிப்பை அடக்கச் சிட்டிகை சோடா போடச் சொல்லும் பழைய குறிப்பு ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. புளிப்பு அடங்கும்தான், கூடவே ருபார்பின் உயிரும் போய்விடும். பச்சைத் தண்டு மட்டும்தான் இருக்கிறது, நிறமும் வேண்டும் என்றால் நாலைந்து ஸ்ட்ராபெர்ரியோ ராஸ்பெர்ரியோ சேர்த்து வேகவிடுங்கள். ஒரு மெல்லிய பீட்ரூட் வில்லையைப் போட்டு, வெந்ததும் எடுத்து எறிந்துவிடுவதும் உண்டு.

வெறுமனே வேகவைப்பதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் மற்ற பண்டங்களுக்கு அடிப்படை அதுதான். கூழாக வேண்டும் என்றால் அரைக் கிலோ துண்டுகளோடு 100 கிராம் சர்க்கரையைக் கலந்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாமல், மூடி போட்டு மெல்லிய தீயில் வையுங்கள். எட்டுப் பத்து நிமிடத்தில் தன் தண்ணீரிலேயே வெந்துவிடும். தண்ணீர் ஊற்றினால்தான் அது சூப்பாகிறது. துண்டு துண்டாக முழுசாக வேண்டும் என்றால் அடுப்பின் மேல் நின்று போராடாமல் ஓவனுக்குள் தள்ளிவிடுங்கள். ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில் நறுக்கி, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே வரிசையாகப் பரப்பி, அரைக் கிலோவுக்கு 100 கிராம் சர்க்கரையும் ஓர் ஆரஞ்சின் துருவிய தோலும் தூவி, ஃபாயிலால் மூடி 180 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம். திறந்து கத்தி முனையால் குத்திப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் மூடாமல் இன்னும் ஐந்து நிமிடம். கரண்டி படாததால் துண்டுகள் அப்படியே நிற்கும், அடியில் ரோஜா நிறப் பாகு தேங்கியிருக்கும். எனக்கு இந்தச் செடியில் செய்யக் கூடியவற்றிலேயே மிகவும் பிடித்தது இதுதான். தயிரோடு, கஞ்சியோடு, கஸ்டர்டோடு, எதோடும் போகும்.

ஓவன் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி: 300 மில்லி தண்ணீரில் 150 கிராம் சர்க்கரை போட்டுக் கொதிக்கவிட்டு, துண்டுகளைப் போட்டு, மீண்டும் கொதி தலைகாட்டியதும் அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். ஆறுவதற்குள் மிச்சச் சூட்டில் வெந்துவிடும். விரல் மொத்தத் தண்டுக்கு மட்டும் ஒரு நிமிடம் கூடுதல் கொதி. இங்கே சர்க்கரைக்கு இனிப்புக்கு மேலும் ஒரு வேலை இருக்கிறது. பாகில் வேகும் துண்டு வெறும் தண்ணீரில் வேகும் துண்டைவிடத் தாமதமாகத்தான் குழையும்.

சர்க்கரை எவ்வளவு என்பதற்கு என் கணக்கு, தண்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்கில் தொடங்குவது. சர்க்கரை மலிவான பிறகுதான் ருபார்ப் மேற்கத்தியச் சமையலறைக்குள் பெரிய அளவில் நுழைந்தது என்பதே சொல்லும், அதற்கும் சர்க்கரைக்கும் உள்ள பந்தம் தட்ட முடியாதது. ஆனால் குறைக்கலாம். இதன் புளிப்பில் பெரும்பங்கு மாலிக் அமிலம், பச்சை ஆப்பிளில் இருப்பது. அதை அடிக்க இனிப்பு மட்டுமே ஆயுதம் இல்லை. ஒரு சிட்டிகை உப்பு புளிப்பின் முனையை மழுக்கும். வெனிலா, ஏலக்காய், நட்சத்திர அன்னாசிப்பூ போன்றவை இனிப்பாக இருக்கிறது என்று நாக்கை நம்பவைக்கும். இனிப்பான பழங்களைக் கலந்தால் அவற்றின் சர்க்கரையே பாதி வேலையைச் செய்துவிடும். ஸ்ட்ராபெர்ரி சேர்க்கையின் புகழுக்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு பழக்கம், ஆறிய பிறகு ருசி பார்ப்பது. சூட்டில் இனிப்பு தூக்கலாகத் தெரியும், குளிர்ந்ததும் இறங்கிவிடும். ஐஸ்கிரீமுக்குப் போகிற கூழ் அடுப்பில் ‘அளவுக்கு மீறித் தித்திக்கிறதே’ என்று தோன்றினால்தான் உறைந்தபின் சரியாக இருக்கும்.

உங்கள் பைக்கு வருவோம். 750 கிராம் தண்டை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, 180 கிராம் சர்க்கரையோடு பிசறி ஒரு மணி நேரம் வையுங்கள். கிண்ணத்தின் அடியில் சாறு நிற்கும். அடிமாவில் இறங்க இருந்த தண்ணீரில் ஒரு பகுதி அது. வடித்து, சிறு பாத்திரத்தில் பாதியாகச் சுண்டவிட்டு ஆறவைத்து, 35 கிராம் சோளமாவையும் சேர்த்துத் துண்டுகளோடு திரும்பக் கலந்துவிடுங்கள். சாற்றைக் கொட்டிவிடலாமா என்றால், கூடாது, சுவையில் பாதி அதில் இருக்கிறது. ஓவனின் கீழ்த் தட்டில், முன்பே காய்ந்துகொண்டிருக்கும் ட்ரேயின் மேல் பை தட்டை வையுங்கள். 210 டிகிரியில் 20 நிமிடம், பிறகு 180க்கு இறக்கி 35 முதல் 40 நிமிடம். மேல்மாவு சிவந்துவிட்டது என்று அவசரப்பட்டு எடுத்துவிடுவதுதான் பலரும் செய்வது. சோளமாவு கொதித்தால்தான் கட்டும். ஓரத்தில் மட்டும் கொப்புளம் வந்தால் போதாது, நடுவில் உள்ள ஓட்டை வழியாகவும் பாகு கெட்டியாகக் குமிழியிட வேண்டும். அதற்குள் மேல்பக்கம் கருகும் போலிருந்தால் ஃபாயிலைப் போர்த்துங்கள். வெளியே எடுத்தபின் மூன்று மணி நேரமாவது கத்தியைத் தூக்காதீர்கள். சூடாக வெட்டிய பை எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் ஒழுகும்.

பை செய்யக் கை வரும்வரை கிரம்பிள் செய்துகொண்டிருக்கலாம் என்பது என் யோசனை. அடிமாவே இல்லை, ஆகவே நனைவதற்கு ஒன்றும் இல்லை. 800 கிராம் துண்டுகளோடு 120 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி சோளமாவு. மேலே தூவ 180 கிராம் மைதா, 120 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 90 கிராம் சர்க்கரை, ஒரு கை ஓட்ஸ், சிட்டிகை உப்பு. விரல் நுனியால் உதிரியாகப் பிசைந்து, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, அழுத்தாமல் தூவி, 190 டிகிரியில் 40 நிமிடம். அழுத்தினால் ஆவி வெளியேற வழியில்லாமல் தூவியதெல்லாம் களியாகிவிடும். பொடியாக நறுக்கிய இஞ்சி இங்கே பிரமாதமாகச் சேரும்.

கேக்கில் துண்டு மூழ்குவதற்கு மாவு நீர்க்க இருப்பதும் துண்டு பெரிதாக இருப்பதும்தான் காரணம். மைதாவில் புரட்டிப் போட்டால் மூழ்காது என்கிற ஆலோசனை நீர்த்த மாவில் பலிக்காது. மேல் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். கெட்டியான மாவாகச் செய்யுங்கள். 120 கிராம் வெண்ணெயையும் 200 கிராம் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, இரண்டு முட்டை, 250 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் சோடா, 200 மில்லி கெட்டி மோர், கடைசியில் 300 கிராம் ருபார்ப். துண்டுகள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். சின்னதாகக் குறுக்கே நறுக்கினால் நாரும் குட்டையாகிவிடும், வாயில் நூலாக மாட்டாது. பாதியை மாவில் கலந்து, மீதியை மேலே பரப்பி, கொஞ்சம் சர்க்கரை தூவி 180 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம். மோரின் புளிப்பு அந்தச் சோடாவில் ஒரு பகுதியைச் சரிக்கட்டிவிடும். சோடா இதைவிட அதிகமாக விழுந்தால் துண்டுகளைச் சுற்றிப் பச்சையாய்ச் சாம்பலாய் ஒரு வளையம் தெரியும். இன்னொன்று, குச்சியை விட்டுப் பார்க்கும்போது துண்டின் மேல் குத்திவிட்டு ‘இன்னும் வேகவில்லை’ என்று ஏமாறாதீர்கள். இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள். ஈரமான கேக் என்பதால் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் பூசணம் எட்டிப்பார்க்கும். ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஜாமில் எதிரி தண்ணீர் மட்டும் இல்லை, ஜாமை இறுகவைக்கும் பொருளான பெக்டின் இதில் குறைவு. ஒரு கிலோ தண்டுக்கு 800 கிராம் சர்க்கரை, ஓர் எலுமிச்சைச் சாறு சேர்த்து இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் அகலமான பாத்திரத்தில் வேகமாகக் கொதிக்கவிடுங்கள். வெப்பமானி 104, 105 டிகிரி காட்டினால் பதம். கருவி இல்லையென்றால் ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பாருங்கள், சுருக்கம் விழ வேண்டும். கல் மாதிரி இறுகும் என்று எதிர்பார்க்காதீர்கள், இது கரண்டியில் வழுக்கி விழுகிற ஜாம்தான்.

பாலோடு சேர்க்கும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. சுடச்சுட உள்ள ருபார்பைப் பாலில் ஊற்றினால் திரிந்துவிடும். இரண்டையும் நன்றாகக் குளிரவைத்து, கெட்டியான க்ரீமில் கூழைப் போட்டு இரண்டு தரம் மெதுவாகப் புரட்டிவிட்டால் போதும். வரிவரியாக இருப்பதுதான் அதற்கு அழகு.

சட்டப்படி இது பழமா காய்கறியா என்று ஒரு வேடிக்கை உண்டு. 1947ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் சுங்க நீதிமன்றம் இதைப் பழம் என்று தீர்ப்பளித்தது, இனிப்புப் பண்டங்களில்தான் போடுகிறார்கள் என்பதால். தாவரவியல்படி காய்கறிதான். அந்தத் தீர்ப்பை ஈரானிய அடுப்படியில் யாரும் மதிக்க மாட்டார்கள். அங்கே கோரேஷ்-ஏ-ரீவாஸ் என்று ஆட்டிறைச்சிக் குழம்பு செய்கிறார்கள். வெங்காயமும் மஞ்சளும் போட்டு வதக்கிய இறைச்சி மெதுவாக வேகும், கட்டுக்கட்டாகப் புதினாவும் பார்ஸ்லியும் தனியாக வதங்கி அதில் சேரும். ருபார்ப் விழுவது கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான். முன்பே போட்டால் கரைந்து காணாமல் போகும். உங்களிடம் தண்டு மிஞ்சிக் கிடக்கிறது என்றால் இந்தப் பக்கமும் போய்ப் பாருங்கள். கொழுப்பான மீன், பன்றி இறைச்சி, பருப்பு என்று புளிப்பு கேட்கிற எதற்கும் இது பொருந்தும், சர்க்கரைச் செலவும் இல்லை.

அப்படியும் தீராவிட்டால் ஃப்ரீசர். கழுவி, ஈரம் போகத் துடைத்து, நறுக்கி, ட்ரேயில் ஒட்டாமல் பரப்பி உறையவைத்த பிறகு பிளாஸ்டிக் பையில் போடுங்கள். நேரடியாகப் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பாறாங்கல்லாகிவிடும், சுத்தியல் வேண்டும். ஒரு வருடம் வரை தாங்கும். உறைந்ததில் திசு உடைந்திருக்கும் என்பதால் உருகினால் இன்னும் அதிகமாகத் தண்ணீர் விடும். கிரம்பிளுக்கும் கேக்குக்கும் உருகவிடாமல் அப்படியே போட்டு, பத்து நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள். பைக்கு மட்டும் வடிதட்டில் போட்டு முழுக்க உருகவிட்டு, கீழே சேர்ந்த சாற்றைச் சுண்டவைத்துச் சேருங்கள். அந்தச் சாறு பைக்குத் தேவைக்கு மேல் இருந்தால் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவிட்டு வடிகட்டி பாட்டிலில் ஊற்றிவையுங்கள். குடிக்கிற சோடாவும் ஐஸும் கலந்தால் வெயில் நேரத்துக்கு ஆகும்.